ஓடைக்கு எது எல்லை? பெரம்பலூர், அரியலூர் நிலத்தில் வாழிட மதிப்பீட்டின் வரலாறு

பச்சைமலையில் விழும் மழைநீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு சின்னாறு வழியாக வெள்ளாற்றைச் சேர்கிறது. எறையூரும் ரஞ்சன்குடியும் அந்தப் பக்கம். இன்னொரு பங்கை மருதையாறு பெரம்பலூரிலிருந்து அரியலூர் மாவட்டத்துக்குள் கொண்டுபோய்க் கொள்ளிடத்தில் விடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல் மட்டுமே தெரியும் இந்த ஆறு, ஓடைகளைச் சுற்றி ஏரிகள், முட்புதர்க் காடுகள், கல் குவாரிகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமென்ட் ஆலைகள், நடுவே திருச்சி–சென்னை நெடுஞ்சாலை. வெண்பாவூர்க் காட்டுப் புள்ளிமான்கள் கோடையில் தண்ணீர் தேடி வந்து கிணற்றில் விழுவதும் சாலையில் அடிபடுவதும் இப்பகுதிச் செய்தித்தாள் வாசகர்களுக்குப் பழகிப்போனவை. அந்தச் சாவை வற்றிய மடுவோடும் வெட்டப்பட்ட ஓடைக்கரையோடும் சேர்த்துப் படிக்கும் முறைதான் நம்மிடம் நிலைபெறவில்லை. இதற்குக் கருவிப் பஞ்சம் காரணமன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒன்றரை நூற்றாண்டில் வந்த ஒவ்வொரு மதிப்பீட்டு முறையும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டது: திட்டம், மாவட்டம், சரணாலயம், இனம். நீர் போகும் வழியையே எல்லையாகக் கொண்ட முறை இங்கே முதலில் வந்தது. அதன் பதிவில் உயிரினங்களுக்கு இடம் இல்லை.

இந்த நிலத்தின் கல்லை அறிவியல் மிக முன்னதாகவே படித்துவிட்டது. பிளான்ஃபோர்டு 1862இல் வெளியிட்ட நில ஆய்வு, இங்குள்ள கிரெட்டேசியஸ் காலப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக வகுத்தது. சாத்தனூர்க் கல்மரத்துக்கு இன்று கிடைக்கும் மதிப்பும், சிமென்ட் ஆலைகளுக்குக் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே பழங்கடல் விட்டுச்சென்றவை. நீரைப் படிக்கும் முயற்சி 1880களில் சென்னை மாகாண அரசின் ஏரிச் சீரமைப்புத் திட்டத்தோடு வந்தது. ஆற்றுப் படுகைகளைச் சிறு வடிநிலங்களாகப் பிரித்து, ஒவ்வோர் ஏரிக்கும் நீர்ப்பிடிப்புப் பரப்பு, கொள்ளளவு, கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றைக் குறித்து ஏரிக் குறிப்பேடுகள் எழுதப்பட்டன. வருவாயும் பாசனமும்தான் நோக்கம். ஏரிக்கு வரும் கொக்கையோ நாரையையோ அந்தப் பொறியாளர்கள் எண்ணவில்லை. ஆனாலும் மேல் ஏரியின் கலிங்கை உயர்த்தினால் கீழ் ஏரிக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை அவர்கள் தவிர்க்க முடியவில்லை, ஏனெனில் அளக்கும் அலகே சங்கிலித்தொடர் ஏரிகளின் வடிநிலமாக இருந்தது. பின்னாளில் வந்த சுற்றுச்சூழல் முறைகளில் இந்தக் கேள்வி கைவிடப்பட்டது வியப்புக்குரியது.

சுதந்திர இந்தியாவில் சட்டங்கள் இரண்டு தடங்களில் போயின. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இனங்களையும் சரணாலயங்களையும் எடுத்துக்கொண்டது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நீரின் தரத்தை எடுத்துக்கொண்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நீர் வகைப்பாட்டில் ‘டி’ வகுப்பு வன உயிர்களுக்கும் மீன்வளத்துக்கும் உரியது: கார அமிலக் குறியீடு 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல், தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். நீர் இருந்தால்தான் இதை அளக்க முடியும். நீரே இல்லாமல் போனதை இந்த அளவுகோல் ஒரு பாதிப்பாகக் காண்பதில்லை. நெதர்லாந்தின் ஒத்துழைப்போடு வாரியம் யமுனையில் வளர்த்தெடுத்த உயிரியல் முறை இன்னும் நுட்பமானது. ஆற்றடியில் வாழும் பூச்சிப்புழுக்கள், நத்தைகள் முதலியவற்றைக் கொண்டு நீரின் நலத்தைக் கணிக்கிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கார் 1981இல் மீன்களை வைத்து உருவாக்கிய உயிரியல் முழுமைக் குறியீடும் அதே மரபைச் சேர்ந்தது. அந்தந்த வட்டாரத்தில் கெடாமல் எஞ்சிய ஓடை எப்படி இருக்கும் என்று முதலில் அறிந்துகொண்டு, அதற்கு எதிரே வைத்துத்தான் பிற ஓடைகளுக்கு மதிப்பெண் தர வேண்டும் என்பது அந்த மரபின் உயிர்நாடி. யமுனையின் ஒப்பீட்டை மருதையாற்றுக்குக் கொண்டுவந்தால், பங்குனியில் அது செத்த ஆறாகவே மதிப்பெண் பெறும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994இல் சட்டக் கட்டாயமாகி, 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையால் இன்றைய வடிவம் பெற்றது. சுரங்கங்களுக்கான மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொது ஆய்வு வரம்புகளைப் படித்தால் இரண்டு செய்திகள் கண்ணில் படும். முதலாவது, குத்தகை எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவு வரை ஆய்வுப் பகுதி. ஓடைகள் வட்டமாகப் போவதில்லை. மேட்டுநிலச் சுரங்கம் ஒன்றைச் சுற்றி வட்டமிட்டால் தொடர்பே இல்லாத அடுத்த வடிநிலம் உள்ளே வரும், அதே ஓடையின் கடைசி ஏரி வெளியே நிற்கும். இரண்டாவது செய்திதான் இந்த மாவட்டங்களுக்கு மிகவும் பொருந்துவது. அடிப்படைத் தரவு, மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் எடுக்கப்பட வேண்டும் என்கிறது அந்த வரம்பு. எடுத்துக்காட்டாக மார்ச்–மே கோடை, அக்டோபர்–டிசம்பர் மழைக்குப் பிந்தைய பருவம், டிசம்பர்–பிப்ரவரி குளிர்காலம் என்று அடைப்புக்குறிக்குள் சொல்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரம்பலூரில் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஐப்பசி அடைமழையை மழை ஓய்ந்த பருவமாக எண்ணும் காலக்கணக்கு டெல்லிக்குப் பொருந்தும். இங்கே அதைப் பின்பற்றும் ஆய்வாளர் எதிரெதிரான இரண்டு நிலைகளில் ஏதோ ஒன்றை மட்டும் பார்க்கிறார்: கோடையில் போனால் ஓடை வெறும் பள்ளம்; ஐப்பசியில் போனால் வெள்ளம் ஓடும் நிலையே வழக்கமான நிலையாக அறிக்கையில் ஏறும்.

இதற்கு நியாயமான மறுப்பு உண்டு. மழையில் தூசி அடங்கிவிடும். சுரங்கத்தின் காற்று மாசை அளக்க மழையில்லாப் பருவம்தான் சரி. அந்த விதி காற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தவிர, குத்தகைப் பரப்பின் ஊடே போகும் ஓடைகளை, அவை பருவகால ஓடைகளானாலும், விவரிக்க வேண்டும் என்று அதே வரம்பு கேட்கவும் செய்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் அதே வாக்கியம் தூசியோடு நீர், மண், தாவரம், விலங்கு எல்லாவற்றையும் ஒரே பருவத்துக்குள் அடைக்கிறது. தவளைகள் முட்டையிடுவதும், விரால் போன்ற மீன்கள் வெள்ளத்தோடு ஏரியிலிருந்து ஓடைக்கும் வயலுக்கும் ஏறுவதும் புதுமழையில் நிகழ்பவை. புள்ளிமான் எஞ்சிய மடுவைத் தேடி வருவது சித்திரையில். ஒரு பருவத்து ஆய்வு இவற்றில் ஒன்றையாவது தவறவிடும். பருவகால ஓடை வாழிடமே அன்று என்று சொல்வாரும் உண்டு. வறண்ட நிலத்தில் நீர் சில மாதம்தான் இருக்கும் என்பதாலேயே அந்த மாதங்களில் உயிர்கள் அங்கே நெருங்கிச் சார்ந்திருக்கின்றன என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

கல் குவாரிகளின் கதை வேறு. சிறு குத்தகைகளும் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என்று 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் தொடர்ச்சியாக 2016 ஜனவரியில் மாவட்ட அளவிலான மதிப்பீட்டு ஆணையங்களும் மாவட்டக் கனிம ஆய்வறிக்கையும் வந்தன. அருகருகே உள்ள குத்தகைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற கொள்கையும் அப்போதுதான் விதியானது. ஆனால் சேர்க்கைக்கான தூரம் 500 மீட்டர். 2018இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஆணையங்களின் முறையை ஏற்கவில்லை. மதிப்பீடு உள்ளூருக்கு வந்தது நல்லது என்றே கருதுகிறேன். மாவட்டம் என்ற அலகைத்தான் ஏற்க முடியவில்லை. திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை ஆவண எல்லை மாறியபோதும் மருதையாறு தன் வழியிலேயே போனது. மேல்மாவட்டம் குவாரிக்கு அனுமதி தரும். வண்டலை வாங்கிக்கொள்வது கீழ்மாவட்டத்து ஏரி.

இனங்களின் வழியே வந்த முறைகள் நுண்ணியவை, ஆனால் தாமதமானவை. உலகச் சிவப்புப் பட்டியலின் அளவுகோல்களை வட்டார அளவில் பயன்படுத்துவதற்கான வழிகாட்டி 2003இல் வந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஸூ அவுட்ரீச் அமைப்பு பங்கேற்ற மேற்குத் தொடர்ச்சி மலை நன்னீர் உயிரின ஆய்வு 2011இல் வெளியானது. மதிப்பிட்ட இனங்களில் ஏறக்குறைய 16 சதவீதம் அழிவின் விளிம்பை நெருங்குவதாக அது கண்டது. தமிழகத்துக்கு அருகிலேயே உருவான அந்த முறை, கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்த பச்சைமலைக்கு உரியதாக எழுதப்படவில்லை. அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி ஏரி மட்டும் தப்பியது: 1999இல் சரணாலயம், பிறகு முக்கியப் பறவைப் பகுதி, 2024 ஜனவரியில் ராம்சார் தலம், ஏறக்குறைய 454 ஹெக்டேர், பதிவான பறவையினங்கள் 198, அவற்றுள் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் ஒன்று. பறவைப் பகுதிகளுக்கான உலக முறை, அச்சுறுத்தல் எப்போது வருகிறது, எவ்வளவு பரப்பைத் தொடுகிறது, எவ்வளவு கடுமையானது என்று மூன்று கேள்விகளுக்கு மதிப்பெண் தருகிறது. எளிமையும் நேர்மையும் கொண்ட முறை. ஆனால் கரைவெட்டிக்கு நீர் தருவது காவிரியிலிருந்து வரும் புள்ளம்பாடி வாய்க்கால். ஏரிக் கரைக்குள் நின்று மதிப்பெண் போடுபவருக்கு, வாய்க்கால் தலைப்பில் திறக்கப்படாத மதகு ஓர் அச்சுறுத்தலாகத் தெரியாமல் போகலாம்.

மதிப்பெண் முறைகள் மதிப்பிடுபவரின் மனச்சாய்வுக்கு இடம் தருபவை என்பது வலுவான ஆட்சேபம். ஆயினும் ஏரிக் குறிப்பேட்டின் வடிநில வரைபடம் அடியில் இருந்தால் அந்தச் சாய்வை இன்னொருவர் சரிபார்க்க முடியும். ஒரு குவாரிக்குக் கொடுத்த மதிப்பெண்ணைக் கீழ் ஏரியின் வண்டல் படிவோடு ஒப்பிடலாம். புதிய சட்டம்கூடத் தேவைப்படாது. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், ஓர் ஈரநிலத்தைப் பாதிக்கக்கூடிய நீர்ப்பிடிப்புப் பகுதியைத் தாக்க மண்டலமாக வரையறுத்திருக்கின்றன. ஆற்று வாய்க்கால்களையும் பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகளையும் அதே விதிகள் விலக்குவதால், இங்குள்ள பெரும்பாலான ஓடைகளும் ஏரிகளும் வெளியே நிற்கின்றன என்பது உண்மை. கருத்தைக் கடன் வாங்க விதி தடையில்லை. மருதையாற்றுக்கும் சின்னாற்றுக்கும் தனித்தனித் தாக்க மண்டலம் வரைந்து, ஐப்பசி முதல் மார்கழி வரை ஒரு முறையும், பங்குனி, சித்திரையில் ஒரு முறையும் மதிப்பிட்ட பதிவை, குவாரிக் குத்தகைக்கு ஏல அறிவிப்பு வெளியிடுவதற்கு முன்பே இரு மாவட்ட ஆட்சியர்களின் மேசையிலும் வைக்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு வரும் எந்த மதிப்பீடும், கொடுத்துவிட்ட குத்தகைக்கு நிபந்தனை எழுதுவதோடு நின்றுவிடும்.