எதிர்ப்பிலிருந்து பராமரிப்புக்கு: கற்பிட்டியில் மக்கள் அமைப்புகளின் சூழல் பாதுகாப்பு

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்கே திறந்த கடல். கிழக்கே புத்தளம் களப்பு. கடலில் முருகைக்கல் பாறைகளும் ஓங்கில்களும், களப்பில் கடற்புல் படுகைகளும் கண்டல் காடுகளும் உள்ளன. இறாலும் நண்டும் வளர்வது அந்தக் கண்டல் வேர்களுக்கிடையில்தான். எனவே இங்கு சூழல் பாதுகாப்பு என்பது அன்றாடச் சோற்றின் பாதுகாப்பும் ஆகும். கடந்த நாற்பது ஆண்டுகளில் அந்தப் பொறுப்பு அரச பிரகடனத்திலிருந்து மக்களின் எதிர்ப்புக்கும், அதிலிருந்து பராமரிப்புக்கும் நகர்ந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரகடனங்களின் காலம்

1980களில் புத்தளம், சிலாபம் கரையோரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. குளங்களுக்காகக் கண்டல்கள் வெட்டப்பட்டன. ஒரு பண்ணை வெளியேற்றிய கழிவுநீரையே அடுத்த பண்ணை உள்ளிழுத்தது. 1990களின் நடுப்பகுதியில் வெண்புள்ளி நோய் பரவியபோது, இந்த நீர்வழியே அதையும் பண்ணைக்குப் பண்ணை கொண்டுசென்றது. நட்டமடைந்தவர்கள் குளங்களைக் கைவிட்டுச் சென்றனர். வெட்டப்பட்ட கண்டல் திரும்பவில்லை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். வாழ்வாதாரம் முழுவதையும் இழந்து வந்த அவர்களில் பலருக்கும் களப்பே கைகொடுத்தது. ஏற்கெனவே சுருங்கிய வளத்தை நம்பிய குடும்பங்கள் இவ்வாறு அதிகரித்தன.

அரசு 1992இல் கற்பிட்டிக் கடலிலுள்ள பார் ரீஃப் முருகைக்கல் பாறைப் பகுதியின் 306 சதுர கிலோமீற்றரைக் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனம் செய்தது. ஆனால் அந்த எல்லைக்குள் அன்றாடம் தொழில் செய்தவர்களுக்கு அதன் முகாமைத்துவத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வள மூலங்கள் சட்டம் கடற்றொழிலாளர் குழுக்களை அமைக்க வழிசெய்தது. எனினும், சட்டத்தில் இருந்த அந்த வாய்ப்பு கரையில் முழு உருப்பெறவில்லை.

எதிர்ப்பின் காலம்

மக்கள் திரண்டது, தம் வாழ்விடத்தின் மீது வெளியிலிருந்து திட்டங்கள் இறங்கியபோதுதான். தீபகற்பத்தின் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைக் கடற்றொழிலாளரும் விவசாயிகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்த்தனர். தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் அருகில் இருந்ததும் அந்த எதிர்ப்புக்கு வலுவூட்டியது. ஆயினும் 2011இல் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. மூன்று அலகுகளும் சேர்ந்து நிலையத்தின் கொள்ளளவு 900 மெகாவாட் ஆயிற்று.

அடுத்து வந்தது 14 தீவுகளை உள்ளடக்கிய கற்பிட்டி ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம். கரைவலைப் பாடுகளும் வாடிகளும் படகுத் துறைகளும் பறிபோகும் என்ற அச்சத்தைத் தேசிய மீனவர் ஒத்துழைப்பு இயக்கம் வெளியுலகுக்குக் கொண்டுசென்றது. கொழும்புக் குப்பையைப் புத்தளத்தின் அருவக்காலுவில் கொட்டும் திட்டத்துக்கு எதிராக 2018இல் ‘கிளீன் புத்தளம்’ என்ற மக்கள் இயக்கம் எழுந்தது. இன, மத வேறுபாடின்றிப் புத்தளம் மக்கள் தொடர் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். இருந்தும் 2019 ஆகஸ்டில் குப்பை வந்து சேர்ந்தது.

இவற்றைத் தோல்விகள் என்று மட்டும் கணக்கிடுவது தவறு. பாதிப்பை ஆவணப்படுத்தவும், அதிகாரிகளிடம் கேள்வி கேட்கவும், வேறு ஊராருடன் கைகோக்கவும் இவ்வூர்கள் பழகியது இந்தப் போராட்டங்களில்தான்.

பராமரிப்பின் காலம்

இப்போராட்டங்கள் நடந்த அதே காலத்தில், 2004 ஆழிப்பேரலைக்குப் பின், கண்டல் நடுகை நாடெங்கும் பரவியது. அதன் பலனை மதிப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வொன்று 23 இடங்களை எடுத்துக்கொண்டது. அவற்றுள் ஒன்பதில் ஒரு கன்றும் எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்தவை மூன்று இடங்களில் மட்டுமே: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. பொருந்தாத நிலமும் இனமும் தெரிவானதும், நட்டபின் கவனியாமல் விட்டதும் தோல்விக்குக் காரணங்கள் என அவ்வாய்வு காட்டியது. பாசியை அகற்றுவது, மாடுகளைத் தடுப்பது, பட்ட கன்றுக்கு மாற்று நடுவது ஆகியவை நடுகை விழாவுக்கு வந்து திரும்புவோரால் ஆகாத வேலைகள். கரையில் வாழ்பவர்களே அவற்றைச் செய்ய முடியும்.

பம்பலவைத் தளமாகக் கொண்ட ‘சுதீச’ அமைப்பு இந்த உண்மையை முன்பே உணர்ந்திருந்தது. 2015இல் அமெரிக்காவின் ‘சீகோலஜி’ அமைப்புடனும் இலங்கை அரசுடனும் இணைந்து அது தொடங்கிய திட்டம், நாட்டின் 8,815 ஹெக்டேயர் கண்டல் முழுவதையும் பாதுகாக்க முனைந்தது. 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்குவது அதன் இலக்காக இருந்தது. அருகிலுள்ள கண்டலைக் காப்பது அவர்கள் ஏற்ற பொறுப்பு. விறகுக்காகக் கண்டலை நாடியவர்களே காவலராக மாறும் வழி இது. இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை 2024இல் ஐ.நா. உலகின் முன்மாதிரி மறுசீரமைப்புத் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது.

முடிவுரை

ஊர் அமைப்புகளின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளிறியதை எந்தச் சங்கத்தாலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் வெளிறிய பாறை மீள்வதற்கு வலையின் நெருக்கடியும் படகு நங்கூரத்தின் சேதமும் குறைய வேண்டும். அது உள்ளூரார் கையில் உள்ளது. ஆகவே சரணாலய முகாமைத்துவத்தில் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு முடிவெடுக்கும் உரிமை வேண்டும். நடுகைத் திட்டங்களுக்கான நிதியும், நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்கு அல்லாமல் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருக்கும் கன்றுகளுக்கே வழங்கப்பட வேண்டும். அவ்வாறு வழங்கினால், பராமரிக்கும் பெண்களின் உழைப்பு ஊதியமுள்ள தொழிலாக மதிக்கப்படும்; கண்டலும் நிலைக்கும்.