இலக்கணம் யார் தேவைக்கு? மன்னார்க் கடலோரமும் அந்நியமொழிக் கல்வியும்

1

தமிழ் மொழிமூலம் பயின்று பல்கலைக்கழகம் புகும் மாணவர்க்கு ஆங்கில இலக்கணத்தை எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்னும் பிரச்சினை, பெரும்பாலும் கற்பித்தல் முறை சார்ந்த ஒன்றாகவே அணுகப்பட்டு வந்துள்ளது. விதிகளை முதலிற் கூறுவதா, உரையாடற் பயிற்சியின் வழி அவை தாமாகவே படியவிடுவதா என்பதோடு விவாதம் நின்றுவிடுகின்றது. ஒரு மொழியை யார், எத்தேவை கருதி, எம்மொழியின் துணைகொண்டு கற்கின்றனர் என்னும் அடிப்படை வினா பின்தள்ளப்படுகின்றது. இவ்வினாவை எழுப்புவதற்கு மன்னார்க் கடலோரத்தின் வரலாறு நமக்குத் துணைபுரிகின்றது. ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகளுக்கு முன்னர், அந்நியமொழியொன்றைப் பயன்பாடு கருதிக் கற்கவேண்டிய நிலையில் இக்கடலோரத்தில் இருந்தவர்கள் ஐரோப்பியரே. அவர்கள் கற்ற மொழி தமிழ்.

2

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளையும் பிணைத்தது முத்துக்குளிப்பு. சிலாவத்துறை, அரிப்பு முதலிய இடங்களை அண்டிய முத்துச் சலாபங்களும், எதிர்க்கரையிலே தூத்துக்குடி, புன்னைக்காயல் ஆகியவற்றை அண்டிய சலாபங்களும் பரதவரின் உழைப்பில் தங்கியிருந்தன. அவ்வுழைப்பின் பயனைத் தம்வசப்படுத்த முயன்ற சக்திகள் பல. இப்போட்டியில் நெருக்குண்ட பரதவர், 1535-1537 காலப்பகுதியிலே போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கராயினர். 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி மன்னாரிலே புதிதாக மதம் மாறியோரைக் கொல்வித்தமையும், 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தமையும், புன்னைக்காயற் பரதவரிற் பலரை இங்குக் குடியேற்றியமையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்பட வேண்டியவை. சமயமும் ஆட்சியும் முத்து வருவாயும் ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்திருந்தன.

இச்சூழலிலேயே என்றிக்கே என்றிக்கஸ் என்னும் யேசுசபைத் துறவியின் மொழிப்பணி அமைந்தது. தமிழிலே அண்டிரிக் அடிகளார் என வழங்கப்பெறும் இவர், 1520 இல் போர்த்துக்கலின் விலா விசோசாவிற் பிறந்தவர். 1546 இல் இந்தியா வந்தவர். முத்துக்குளித்துறையிலும், 1560 இன் பின்னர் மன்னாரிலும் பணியாற்றி 1600 இல் மறைந்தவர். துபாசியின் வாயிலாக மக்களோடு பேசுதல் போதாது என்பதனை அவர் விரைவிலேயே உணர்ந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்பவர்க்குத் துபாசி பயன்படான் என்பது வெளிப்படை. நடைமுறைத் தேவையே அவரை இலக்கணத்தின்பாற் செலுத்தியது.

3

1549 ஆம் ஆண்டளவில் உருப்பெற்ற 'ஆர்த்தெ த லிங்குவா மலபார்' ஐரோப்பியரொருவர் இயற்றிய தமிழ் இலக்கணங்களுள் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையது. அதன் கையெழுத்துப்படி லிஸ்பனிலுள்ள தேசிய நூலகத்திற் பேணப்பட்டுள்ளது. 1982 இல் ஹான்ஸ் வெர்மியர் அதனைப் பதிப்பித்தார். 2013 இல் ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

இந்நூலின் மூன்று பண்புகள் ஈண்டு கவனிக்கத்தக்கவை. முதலாவது, அது கற்போரின் மொழியாகிய போர்த்துக்கேய மொழியிலேயே எழுதப்பட்டது. இலத்தீன் இலக்கண அறிவு அற்றவர், 1540 இல் வெளிவந்த ஜொவாவோ டி பாரோசின் போர்த்துக்கேய இலக்கணத்தின் துணையை நாடலாம் என்பது ஆசிரியரின் கருத்து. தெரிந்த மொழியிலிருந்தே தெரியாத மொழிக்குச் செல்லவேண்டும் என்பது இதன் பொருள். இரண்டாவது, அது நன்னூல் மரபின் செய்யுள்மொழியை விடுத்து, கடலோர மக்களின் பேச்சுவழக்கையே தனக்கு ஆதாரமாகக் கொண்டது. மூன்றாவது, பெயர்களின் வேற்றுமை வடிவங்களையும் வினைகளின் திரிபுகளையும் அட்டவணைப்படுத்தித் தந்தது. எட்டு வேற்றுமை கொண்ட தமிழை ஆறு வேற்றுமை கொண்ட இலத்தீனின் சட்டகத்துள் அடக்க முனைந்தமை அதன் குறைபாடு. எனினும், கற்பவன் இடர்ப்படும் இடம் எது என்பதை அறிந்து ஆக்கப்பட்ட நூல் அது. ஏனெனில் அதை ஆக்கியவரும் ஒரு மாணவரே.

ஆயினும் இதனை வெறும் தமிழ்ப்பற்றாகக் கொண்டாடுதல் வரலாற்று நோக்காகாது. அதிகாரமுடையோர் தமது தேவைக்காக உழைக்கும் மக்களின் மொழியைக் கற்றனர். அவ்வறிவை வழங்கிய கடலோர மக்களுட் பெரும்பாலோரின் பெயர்கள் நூலேறவில்லை. அதேவேளை, ஆள்வோரின் நோக்கத்தையும் மீறிய ஒரு விளைவு நிகழ்ந்தது. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 இற் கொல்லத்தில் அச்சேறியது. 'அடியார் வரலாறு' எனப்படும் 'புளோஸ் சங்க்தோரும்' 1586 இல் அச்சேறியது. சங்க இலக்கியங்கள் அச்சுக் காண்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கடலோர மக்களின் மொழி சார்ந்த உரைநடை அச்சுவாகனம் ஏறிற்று.

4

பிரித்தானியர் ஆட்சியிலே இவ்வுறவு தலைகீழாயிற்று. இப்பொழுது அந்நியமொழியைக் கற்கவேண்டியவர் தமிழராயினர். 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆங்கிலம் கற்றோர் அரச உத்தியோகங்களை நாடியமை, அது 1855 இல் மூடப்பட்டமைக்கான காரணங்களுள் ஒன்று. மிஷனின் தேவையும் மாணவரின் தேவையும் வேறுவேறாயிருந்தன. ஆங்கிலம் ஒரு நடுத்தர வர்க்கத்தை உருவாக்கியது. கடற்றொழிலாளரும் விவசாயிகளும் அதற்குப் புறத்தேயே நின்றனர்.

1960 ஆம் ஆண்டளவிலே பல்கலைக்கழகக் கலைத்துறைக் கல்வி தாய்மொழிகளில் வழங்கப்பட்டமை இவ்வகையில் ஒரு ஜனநாயக முன்னேற்றமாகும். ஆயின் ஆங்கிலத்தின் அதிகாரம் மறையவில்லை. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், எனக் குறிப்பிட்டமையை 1984 இல் திரு கந்தையா விரிவாக ஆராய்ந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆங்கில வகுப்பொன்றை நுணுகி நோக்கிய சுரேஷ் கனகராஜாவின் 1999 ஆம் ஆண்டு நூல் மேலும் ஒரு முக்கியமான உண்மையைத் தருகின்றது. அமெரிக்க நகர வாழ்க்கையைச் சித்திரிக்கும் பாடநூலோடு ஒட்டமுடியாத மாணவர், அதன் ஓரங்களிலே தம் மொழியிலும் சித்திரங்களிலும் தமது எதிர்வினையைப் பதித்தனர். உரையாடற் பயிற்சியைவிட இலக்கணத்தையே வேண்டி நின்றனர். இதனைப் பழமைவாதம் என ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்நியமான ஒரு வாழ்க்கைமுறையை ஏற்காமலே அம்மொழியின் அமைப்பை மட்டும் கைக்கொள்ளும் வழியை அவர்கள் தேடினர் எனலாம்.

5

மன்னார் மாவட்டத்து மாணவர் யாழ்ப்பாணம், வவுனியா முதலிய பல்கலைக்கழகங்களுக்கே செல்கின்றனர். பேசாலையிலிருந்தோ தலைமன்னாரிலிருந்தோ வரும் கடற்றொழிலாளரின் மகளுக்கு எவ்விலக்கணம் பயன்படும்? 'எங்களுக்கு இரண்டு வள்ளங்கள் உண்டு' என்னும் தமிழ் வாக்கியத்தில் உடைமை எழுவாயாகின்றது. உடையவர் நான்காம் வேற்றுமையில் நிற்பர். ஆங்கிலத்திலோ உடையவரே எழுவாய். 'அரிப்பிலே முத்துக் குளித்த பரதவர்' என்பதிற் பெயரெச்சம் முன்னும் பெயர் பின்னும் வரும். ஆங்கிலத்திற் பெயர் முந்த, அதனை விளக்கும் தொடர் பிந்தும். இவ்வேறுபாடு தெளிவாக்கப்படாதவிடத்து, நீண்ட ஆங்கில வாக்கியமொன்றின் எழுவாயையும் பயனிலையையும் மாணவி தேடித் திணறுவாள். தமிழை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு இதனை விளக்குதல் அரிது.

செயப்பாட்டு வினை இன்னும் முக்கியமானது. 'வலைகள் சேதப்படுத்தப்பட்டன', 'நிலம் தெரிவுசெய்யப்பட்டது' என்னும் வாக்கியங்களிலே செய்தவர் இல்லை. மன்னாரின் கடற்றொழில், காற்றாலை, கனிம மணல் ஆகியன பற்றிய தொழில்நுட்ப அறிக்கைகள் பெரிதும் ஆங்கிலத்திலேயே ஆக்கப்படுகின்றன. இத்தகைய வாக்கியங்கள் அவற்றில் மலிந்துள்ளன. 'யாரால்?' என வினவத் தெரிந்த மாணவி இலக்கணத்தோடு தன் ஊரின் நிலைமையையும் கற்றவளாவாள்.

அண்டிரிக் அடிகளாரின் நோக்கம் நம்முடையதன்று. அவரது முறை நமக்கு உரியதாகலாம். கற்பவர் மொழியிலிருந்து தொடங்குதல், வழக்கிலுள்ள மொழியை ஆதாரமாகக் கொள்ளுதல், தேவையை முதன்மைப்படுத்துதல் ஆகிய மூன்றும் அன்று ஆள்வோர்க்குப் பயன்பட்டன. அவற்றை ஆளப்படுவோர்க்குப் பயன்படுமாறு மாற்றியமைத்தலே ஆங்கில ஆசிரியரும் தமிழறிஞரும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.