மேஜை மேல் ஒரு கூட்ஸ் ஷெட்

என் தமக்கை மகன் ஒரு மேஜைமேல் மீட்டர் கேஜ் காலத்து விருதுநகர் ஸ்டேஷனைச் செய்துகொண்டிருக்கிறான். 87-ல் ஒரு பங்கு அளவு. ஆகவே தண்டவாளங்களுக்கு இடையே 12 மில்லிமீட்டர். கணக்கில் பிசகில்லை. கூட்ஸ் ஷெட்டும் அச்சு அசல்தான். ஆனால் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு விரல் இடமே விட்டிருந்தான்.

"மாட்டுவண்டி எங்கேயடா திரும்பும்?" என்றேன்.

"மாமா, இது ரயில்!" என்றான்.

வண்டி வராமல் ரயிலுக்குச் சரக்கு ஏது? மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் பாதை திறந்தபோது இவ்வூர் விருதுபட்டி; விருதுநகர் ஆனது 1923-ல். கரிசல் காட்டுப் பருத்தியும் மிளகாய் வற்றலும் மாட்டு வண்டியில்தான் வந்து சேர்ந்தன. சரக்கின்மேல் நாடார் வணிகர்கள் தங்களுக்குள் மகமை விதித்துக்கொண்டார்கள். அந்தக் காசில் நடந்ததுதான் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலை. மூட்டைக்கு இத்தனை என்று சேர்ந்த சில்லறை, ஐயா!

சிவகாசி சங்கதி இன்னும் வேடிக்கை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மறு வருஷமே ஆலை வைத்தார்கள். தென்காசிப் பாதை சிவகாசி வழியாக வந்ததோ 1927-ல். அதுவரை ரயிலேற வேண்டிய பெட்டியெல்லாம் சாத்தூருக்கோ விருதுநகருக்கோ சாலைவழி போயாக வேண்டும்.

வெடிச்சரக்கு வாகனை எஞ்சினை ஒட்டிக் கோக்கமாட்டார்கள், நடுவே வேறு வாகன் இருக்கும் என்றேன். பையன் உடனே மாற்றிவிட்டான். வண்டி திரும்ப ஒரு சாண் இடம் கேட்டால்தான் முகம் சுண்டுகிறது. ஷெட்டைப் பெயர்க்க வேண்டுமாம்.