கிளினிக் கொப்பியும் நோய்க் குறியீடும்: புத்தளம் கரையோரம்

கிளினிக் கொப்பி என்பது, இலங்கை அரச ஆஸ்பத்திரிகளில் நீண்டகாலம் மருந்து குடிப்போரின் சிகிச்சைப் பதிவு. இது நோயாளியின் கையிலேயே இருக்கும். சிலாபம் முதல் கற்பிட்டி வரை, சீனி வருத்தமோ பிரஷரோ உள்ளவர்கள் பொதுவாக மாதத்துக்கு ஒருமுறை இதைக் காட்டித்தான் குளிசை எடுக்கிறார்கள். இரத்தச் சோதனை முடிவு, மருந்தளவு, அடுத்த தவணை எல்லாம் இதில் இருக்கும். எழுதுபவர் ஆங்கிலத்தில் எழுதுவார். கொப்பிக்குரியவரின் பேச்சோ தமிழ் அல்லது சிங்களம்.

நாட்டின் நோய்க்கணக்கோ கொப்பியை அல்ல, குறியீட்டையே பார்க்கும். நோய்களுக்குக் குறியீடு இடும் உலகமுறை, 1893இல் ஜாக் பெர்ட்டியோன் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலில் தொடங்கியது. 1948இன் ஆறாம் திருத்தத்தில்தான் சாகாத நோயாளியும் அதில் இடம்பிடித்தார். இலங்கைச் சுகாதார அமைச்சின் புள்ளிவிவரம் 1996 முதல் பத்தாம் திருத்தத்தைப் பின்பற்றுகிறது. வாட்டில் இருந்தவருக்குத் துண்டு வெட்டியதும் அவருடைய கட்டில் தலைச்சீட்டு பதிவறைக்குப் போகும். அங்கே நோய்க்குக் குறியீடு இடுவார்கள். இரண்டாம் வகை நீரிழிவு என்றால் ‘ஈ 11’. காலாண்டு அறிக்கையாகக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த இந்தத் தரவு, 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் இணையவழிக்கு மாறியது.

கணக்கின் ஓட்டை இங்கேதான். அந்த அறிக்கை வாட்டு நோயாளருக்கு மட்டுமே உரியது. கிளினிக்குக்கு வருவோர் தலைக்கணக்காகவே பதிவாகிறார்கள். என்ன நோய் என்பது மேலே போவதில்லை. சீனிக்கு இருபது வருடம் ஒழுங்காக மெட்ஃபோமின் குடித்து, ஒருநாளும் வாட்டில் படுக்காதவர் தேசிய நோய்க்கணக்கில் இல்லை. சீனி ஏறி மூன்று தடவை அனுமதிக்கப்பட்டவரோ மூன்றாக எண்ணப்படுகிறார். நீண்டகால மருந்துப் பாவனையைக் குறிக்கவும் குறியீடு உண்டு: பத்தாம் திருத்தத்தில் ‘இசட் 92.2’, அமெரிக்கப் பதிப்பில் ‘இசட் 79’. அமெரிக்காவில் காப்புறுதிப் பணம் குறியீட்டைப் பார்த்தே வருவதால் அதை மறக்கமாட்டார்கள். இலவச வைத்தியத்தில் பில் இல்லை, ஆகவே அந்த அவசரமும் இல்லை.

புத்தளம் கரையில் கொப்பிக்குக் கூடுதல் சுமை உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தார்கள். ஆஸ்பத்திரிப் பதிவுகளோ யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நின்றுவிட்டன. கொப்பியில்லாமல் வந்தவருக்கு வாய்ச்சொல்தான் வைத்திய வரலாறு. பருவத்துக்குப் பருவம் மீன்வாடி மாறும் மீனவருக்கும் போகிற ஊர் ஆஸ்பத்திரியில் செல்லுபடியாவது இந்தக் கொப்பியே.

கொவிட் பரவலால் 2020 மார்ச் 18இல் புத்தளத்தில் ஊரடங்கு போடப்பட்டது. இரண்டு நாளில் நாடு முழுவதும். கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. ஆனால் பதிவு கொப்பியில் மட்டும் இருந்தால், கொப்பி வீட்டில், குளிசை ஆஸ்பத்திரியில்.

மின்பதிவு வந்த ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொருவருக்கும் தனிநபர் சுகாதார இலக்கம் வழங்கப்படுகிறது. கிளினிக் நோயாளருடைய நோயையும் அங்கே கணினியில் பதியலாம். வாட்டில் படுக்காமலே அவர் கணக்கில் சேர இதுவே வழி.