ஓத்ரியின் 'ஜிஜி'

'ஜிஜி' என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது, 1958இல் வின்சென்ட் மின்னெல்லி இயக்கி ஒன்பது ஆஸ்கார் விருதுகள் பெற்ற அமெரிக்க இசைப்படமே. கொலெத் 1944இல் வெளியிட்ட இக்குறும்புதினத்தை, 1949இலேயே ஜாக்குலின் ஓத்ரி என்னும் பெண் இயக்குநர் பிரெஞ்சில் படமாக்கிவிட்டார். தனியேல் தெலோர்ம் ஜிஜியாக நடித்தார். திரைக்கதை ஓத்ரியின் கணவர் பியேர் லாரோஷுடையது. உரையாடலில் கொலெத்துக்கும் பங்குண்டு.

செல்வர் ஒருவரின் ஆசைநாயகியாக வாழ்வதற்கென்றே சிறுமி ஜிஜியைப் பாட்டியும் அவர் உடன்பிறந்தாளும் பழக்குகின்றனர். மணிக்கற்களின் தரமறிதல், சுருட்டைத் தேர்தல் முதலியனவும் அங்குப் பாடங்கள்! நகைச்சுவை இப்பயிற்சியிலிருந்தே பிறக்கிறது. எனினும் நகைக்கப்படுவது சிறுமியன்று, அவளுக்கு விலை குறிக்கும் வழக்கமே. காஸ்தோன் முன்வைக்கும் ஏற்பாட்டை ஜிஜி முதலில் மறுக்கிறாள்; பின்னர் அவள் இணங்கியபோதோ, அவனே திருமணம் கோருகிறான். இதனை வெறும் இன்பமுடிவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. அவள் மறுத்திராவிடில் அக்கோரிக்கையே எழுந்திராது. பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றதும் புதினம் வெளிவந்த அதே 1944இல்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஓத்ரி மேலும் இரு கொலெத் படைப்புகளை, 'மின்'னை 1950இலும் 'மித்சு'வை 1956இலும், படமாக்கினார். இடையே 1954இல் புதினத்தழுவல் மரபைக் கடிந்து த்ரூஃபோ எழுதிய கட்டுரை வெளிவந்தது. அதன்பின் வந்த புதிய அலையில் ஓத்ரியின் பெயர் பின்தள்ளப்பட்டது.