புகையும் வம்சமும்

நுரையீரலில் புற்றுநோய் கண்டு தகப்பனார் இறந்த வீட்டில், பிற்காலத்தில் அதே வியாதியால் மகனும் மாண்டால், அதை வம்ச தோஷம் என்று கொள்வதா, தகப்பனாரைப் பார்த்து மகன் பழகிக்கொண்ட சிகரெட்டின் பலன் என்று கொள்வதா என்னும் வினாவுக்கு விடை தேடிய சரித்திரம் சாந்தமாக நடந்தேறியதன்று; அதன் ஆரம்பத்திலேயே வியாபார நலன் குறுக்கிட்டது.

1950-இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும், அமெரிக்காவில் எர்னஸ்ட் விண்டரும் எவார்ட்ஸ் கிரஹாமும், சிகரெட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள சம்பந்தத்தைத் தனித்தனியே ஆராய்ந்து வெளியிட்டனர். அதை ஏற்க மறுத்தவர்களுள் தலையாயவர், நவீனப் புள்ளியியலுக்கு அஸ்திவாரமிட்ட ரொனால்டு ஃபிஷர். புகையிலை உற்பத்தியாளர் குழுவுக்கு ஆலோசகராயிருந்த அம்மேதை, 1958-இல் 'நேச்சர்' சஞ்சிகைக்கு எழுதிய கடிதங்களில், உருவொத்த இரட்டையர் புகைக்கும் பழக்கத்திலும் ஏனைய இரட்டையரைக் காட்டிலும் ஒத்திருப்பதை எடுத்துக்காட்டி, புகைக்கும் இச்சையையும் புற்றுநோயையும் ஒருங்கே விளைவிக்கும் பிறவிக்கூறு ஒன்று இருக்கலாகாதா என்று வினவினார். வினா நியாயமானதே, அதைக் கேடயமாக ஏந்திச் சரக்கை விற்றவர்கள் செய்ததுதான் அநியாயம்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2008-இல், பதினைந்தாவது குரோமோசோமில் நிக்கோட்டினை ஏற்கும் புரதங்களுக்குரிய ஜீன்கள் அமைந்த இடத்தில், புகைக்கும் அளவோடும் இந்நோயோடும் தொடர்புடைய வேறுபாடு ஒன்றை மூன்று குழுக்கள் கண்டன என்பதை இங்கேயே சொல்லிவிடுவது ஃபிஷருக்குச் செய்யவேண்டிய நீதியாகும். ஆயினும் அவ்வேறுபாட்டின் ஒரு பிரதி அபாயத்தைக் கூட்டுவது சுமார் 30 சதவீதமே. சிகரெட்டு கூட்டுவதோ பத்து மடங்கு, அதற்கும் மேல்.

இந்த அளவு வித்தியாசமே 1959-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சகாக்கள் ஐவரும் எழுதிய மறுப்பின் உயிர்நிலை. புகைப்போருக்கு நோய் ஒன்பது மடங்கு மிகுதியென்றால், அதற்கு முழுக்காரணமாகக் கற்பிக்கப்படும் மறைபொருளும் அவர்களிடத்தில் ஒன்பது மடங்கேனும் மிகுதியாகக் காணப்பட்டாக வேண்டும் என்றனர் அவர்கள். அத்தகையதொன்றை எவரும் காட்டவில்லை.

அவ்வைவருள் ஒருவர் ஆபிரகாம் லிலியன்ஃபெல்டு. எதிர்க்கட்சியின் வாதம் என்பதற்காகப் பரம்பரை பற்றிய கேள்வியையே புறக்கணித்துவிடாமல், தாம் மறுத்த கருத்தில் எவ்வளவு சத்தியம் உண்டு என்று அளந்து பார்க்க அவரே முற்பட்டதை, இவ்வரலாற்றில் யாவற்றினும் மேலானதாக நான் மதிக்கிறேன். ஜார்ஜ் டொக்குஹாட்டாவுடன் சேர்ந்து அவர் 1963-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயாளிகள் 270 பேருடைய உறவினரும், வயது முதலியவற்றில் அவர்களுக்கு நிகரான வேறு 270 பேருடைய உறவினரும் ஒப்பிடப்பட்டனர். உறவினர் எதனால் இறந்தனர் என்பதோடு, புகைத்தனரா என்பதும் விசாரிக்கப்பட்டது. புகையாத உறவினரிடத்திலும் இந்நோய் மிகுந்திருந்தது. உறவும் புகையும் ஒருங்கே கூடிய இடத்திலோ மரணம் மிகமிக அதிகரித்தது. ஆகவே, பரம்பரை மெய். அது சிகரெட்டை விடுதலை செய்வதில்லை என்பதும் மெய்.

பிறகு இந்நோயால் பெரிதும் வாடிய தெற்கு லூசியானாவில், இறந்தவர் 336 பேருடைய குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், ஒப்பீட்டுக்கு அவர்களுடைய சம்பந்தி வீட்டாரையே எடுத்துக்கொண்டனர். கொள்வினை கொடுப்பினை பெரும்பாலும் ஒத்த நிலையினரிடையே நிகழ்வதாகையால், இதனினும் பொருத்தமான ஒப்பீடு கிடைப்பது அரிது. வயது, புகை, தொழில் ஆகியவற்றின் பங்கைக் கழித்த பின்னரும், 1986-இல் வெளியான அக்கணக்கில் இரத்த உறவின் பங்கு எஞ்சியே நின்றது.

எஞ்சிய அந்தப் பங்கு எந்த ஜீனில் உறைகிறது என்று தேடுவது மிகக் கடினமாயிற்று. முதிய வயதில் தோன்றி விரைவில் கொல்லும் வியாதி ஆதலால், பெற்றோர் முன்பே மறைந்திருப்பர். நோயுற்றவரோ ஆராய்ச்சியாளர் வருமுன் இறந்துபோவர். பிள்ளைகளுக்கு நோய் காணும் வயது வந்திராது. இரத்தம் கிடைக்காதபோது, மருத்துவமனைகளில் மெழுகில் பதித்து வைக்கப்பட்டிருந்த திசுத் துண்டுகளை நாடினர். இவ்வாறு பல ஆண்டுகள் சேகரித்த 52 குடும்பங்களைக் கொண்டு, ஆறாவது குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு பகுதியை 2004-இல் ஜோன் பெய்லி-வில்சனும் தோழர்களும் சுட்டிக்காட்டினர்.

மறு ஆண்டில் தெளிவான தடயம் ஒன்று கிடைத்தது. ஈ.ஜி.எஃப்.ஆர். ஜீனில் டி790எம் என்று குறிக்கப்படும் மாற்றம், சாதாரணமாக மருந்துக்கு அடங்காமற்போன கட்டிகளில் பின்னர் தோன்றுவது. அதுவே பிறவியிலேயே அமைந்து, ஒரே குடும்பத்தில் பலரைத் தாக்கியிருக்கக் கண்டனர். ஆகையால் மருந்து தொடங்குமுன்னரே கட்டியில் அம்மாற்றம் தென்படுமாயின், அது வம்சவழி வந்ததோ என்று வைத்தியர் இப்போது ஐயுற்று, நோயாளியின் இரத்தத்தையும், உறவினர் விரும்பினால் அவர்களுடைய இரத்தத்தையும் பரிசோதிக்கச் செய்கின்றனர்.