களையைப் பிடுங்குவது யார் வேலை? வட ஆப்பிரிக்கத் திருச்சபையில் ஒரு நூற்றாண்டு விவாதம் (303–412)

பிற கிறிஸ்தவரின் வாழ்க்கையைக் குறித்த தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிட வேண்டும் என்ற கொள்கைக்கு அகுஸ்தினாரின் பெயரையே சான்றாகச் சொல்வது வழக்கம். ஆனால் அவர் அதை எழுதுவதற்கு ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல் வட ஆப்பிரிக்காவில் எழுந்துவிட்டது. முதலில் அதைச் சொன்னவர்கள் அதைத் தங்களைக் காத்துக்கொள்ளவே சொன்னார்கள். அந்தத் தற்காப்பு எவ்வாறு இறையியலாக வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

303 பிப்ரவரியில் பேரரசர் டயோக்ளீஷியன் ஆலயங்களை இடிக்கவும் மறைநூல்களை எரிக்கவும் ஆணையிட்டார். மே 19 அன்று நுமிடியாவின் சிர்த்தா நகரில் (இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன்) அதிகாரி முனாசியுஸ் ஃபெலிக்ஸ் சோதனைக்கு வந்தார். அன்று எழுதிய பதிவு இன்றும் கிடைக்கிறது. தங்கக் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்களின் அங்கி 82, பெண்களின் காலணி 47 ஜோடி என்று பட்டியல் நீள்கிறது. துணைத் திருத்தொண்டர் கட்டுல்லினுஸ் மிகப் பெரிய நூல் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். மற்ற நூல்களை வைத்திருந்த வாசகர்களின் வீட்டைக் காட்டச் சொன்னபோது, அவரும் அவருடைய தோழர் மார்குக்லியுஸும் மறுத்தார்கள். காட்டிக்கொடுப்பதைவிடக் கொல்லப்படுவதே மேல் என்றார்கள். ஒரே மனிதர் ஒரே நாளில் நூலையும் கொடுத்தார், ஆளைக் கொடுக்கவும் மறுத்தார். அவரைத் துரோகி என்பதா, வீரர் என்பதா? பின்னால் வந்த பிளவு முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

துன்புறுத்தல் தணிந்ததும் நுமிடிய ஆயர்கள் சிர்த்தாவில் கூடினார்கள். தலைமை ஆயர் செக்குந்துஸ் ஒவ்வொருவரிடமும் மறைநூலைக் கையளித்தாரா என்று விசாரித்தார். பலர் குற்றவாளிகள் என்பது வெளிப்பட்டது. லிமாத்தாவின் ஆயர் புர்புரியுஸ் திருப்பிக் கேட்ட கேள்வியில் செக்குந்துஸின் நிலையும் ஆட்டம் கண்டது. கடைசியில் எல்லாரும் கடவுளுக்கே கணக்குக் கொடுக்கட்டும் என்று சொல்லி விசாரணையை மூடினார்கள். இந்த ஆவணம் போலி என்று, பின்னாளில் பிரிந்து சென்ற தொனாத்துஸ் தரப்பு 411இல் வாதிட்டது. ஆயினும் அகுஸ்தினார் அதை முக்கியச் சான்றாகவே கையாண்டார்.

சில ஆண்டுகளில் அதே நுமிடிய ஆயர்களின் மன்றம், கார்த்தேஜின் புதிய ஆயர் செசிலியானைப் பதவியிலிருந்து விலக்கியது. அவருக்கு ஆயர்நிலை அளித்த ஆப்துங்காவின் ஃபெலிக்ஸ் மறைநூலைக் கையளித்தவர் என்பது காரணம். இன்ஜென்டியுஸ் என்பவர் ஒரு கடிதத்தில் செய்த இடைச்செருகல் விசாரணையில் அம்பலமாகி, ஃபெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. 313இல் உரோமையிலும் 314இல் ஆர்ல் நகரிலும் கூடிய சங்கங்கள் செசிலியானை ஏற்றன. பிளவு மட்டும் ஆறவில்லை. தொனாத்துஸின் தலைமையில் தூயவர்களின் திருச்சபை தனியே வளர்ந்தது.

அந்தத் தனித் திருச்சபைக்குள்ளேயே அதன் அடிப்படையைக் கேள்வி கேட்ட அறிஞர் திக்கோனியுஸ். கிறிஸ்துவின் உடலான திருச்சபையில் நல்லவரும் தீயவரும் உலக முடிவுவரை கலந்தே இருப்பார்கள் என்று அவர் எழுதினார். அவருடைய சங்கமே அவரைக் கண்டித்தது. இருந்தும் அவர் தன் சபையை விட்டு விலகவில்லை. இந்த வரலாற்றில் மிகுந்த மதிப்புக்குரியவர் அவரே என்பது என் எண்ணம். சொன்ன கொள்கையை வாழ்ந்தும் காட்டினார்.

அகுஸ்தினார் அவரிடமிருந்து நிறையப் பெற்றுக்கொண்டார். மத்தேயு 13ஆம் அதிகாரத்தின் களை உவமையை முன்வைத்து, அறுவடைவரை பிரிக்கும் வேலை மனிதருடையதன்று என்றார். திருமுழுக்கு கிறிஸ்துவுடையது, கொடுப்பவரின் ஒழுக்கம் அதைக் கெடுக்காது என்றார். கண்டித்தலையும் ஒழுங்கு நடவடிக்கையையும் அவர் கைவிடவில்லை. குறையுள்ளவர் இருக்கிறார் என்பதற்காகச் சபையை உடைப்பதையே எதிர்த்தார். வயல் என்பது உலகம் என்று அதே அதிகாரம் சொல்கிறதே, அது எப்படித் திருச்சபையாகும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. அது வலுவான கேள்வி. உலகெங்கும் பரவிய திருச்சபையே அந்த வயல் என்ற அகுஸ்தினாரின் பதில் அதை முழுமையாகத் தீர்க்கவில்லை.

தொனாத்துஸ் தரப்பை ஒன்றிப்புக்குக் கொண்டுவர அரசு வற்புறுத்துவதை அகுஸ்தினார் தொடக்கத்தில் விரும்பவில்லை. 408இல், தொனாத்துஸ் தரப்பிலிருந்து பிரிந்த குழு ஒன்றின் ஆயர் வின்சென்டியுஸுக்கு எழுதிய கடிதத்தில் தன் மனமாற்றத்தை அவரே விளக்குகிறார்: தன் சொந்த ஊரே சட்டத்துக்கு அஞ்சி ஒன்றிப்புக்குத் திரும்பியது கண்டு நிலையை மாற்றிக்கொண்டாராம். 411 ஜூனில் கார்த்தேஜில் இரு தரப்பிலுமாக 550க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினார்கள். அரசின் பிரதிநிதி மார்செல்லினுஸ் தொனாத்துஸ் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 412 ஜனவரியில் வந்த சட்டம், ஒன்றிப்புக்கு வராதவர்மீது தகுதிக்கேற்ப அபராதம் விதித்தது.

அறுவடைவரை காத்திருக்கச் சொன்னவரின் கண்முன்னே, அவருடைய ஒப்புதலோடு, அரசு களை பிடுங்கத் தொடங்கியது. உவமைக்கு அவர் தந்த விளக்கம் அவருடைய எதிராளிகளுக்கும் பொருந்தியிருக்க வேண்டும். அவர்கள் விஷயத்தில் மட்டும் அவர் கடவுளுக்காகக் காத்திருக்கவில்லை. நம் இறையியல் கல்லூரிகளில் அவருடைய களை உவமை விளக்கத்தைப் பாடமாக வைப்பவர்கள், 408ஆம் ஆண்டுக் கடிதத்தையும் அதனோடு சேர்த்தே வைக்க வேண்டும்.